அலுமினிய ஸ்கிராப்பிலிருந்து ஏடிசி12 இங்காட் வார்ப்பது எப்படி

அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும், பழைய அலுமினியத்தை மறுபடி உருக்கி எடுக்க. தொழிலின் லாபம் இதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த லாபத்தைச் சாப்பிடுவது இரும்பு. உருகிய அலுமினியத்தில் இரும்பு கரைந்துவிட்டால் சிறு பட்டறையில் அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. சுத்தமான உலோகம் சேர்த்து நீர்க்க வைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே இங்காட்டின், அதாவது வார்த்தெடுக்கும் உலோகக் கட்டியின், தரம் உலையில் தீர்மானமாவதில்லை. தரம் பிரிக்கும் மேஜையில் தீர்மானமாகிறது. இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் உலைக்கு வெளியே நடக்கும் வேலையைப் பற்றி இருப்பதற்கு அதுதான் காரணம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 500 கிலோ குரூசிபிள் உலை, அதாவது பானை போன்ற கலத்தில் உலோகத்தை உருக்கும் உலை. தயாரிப்பு ஏடிசி12 என்ற சிலிக்கானும் காப்பரும் சேர்ந்த அலுமினியக் கலவை. பிரஷர் டை காஸ்டிங் செய்யும், அதாவது உருகிய உலோகத்தை டை என்ற இரும்பு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கும் பட்டறைகள் இருசக்கர வாகன எஞ்சின் கவர், கியர் பெட்டி போன்றவற்றுக்கு அதிகம் கேட்பது இந்தக் கலவையைத்தான். அதன் வரம்புகளை மேஜைக்கு மேலே சுவரில் எழுதி வையுங்கள்: சிலிக்கான் 9.6 முதல் 12.0 சதவீதம், காப்பர் 1.5 முதல் 3.5 வரை. இரும்பு 1.3, ஜிங்க் 1.0, மாங்கனீஸ் 0.5, நிக்கல் 0.5, மெக்னீசியம் 0.3, இந்த ஐந்தும் அதற்கு மேல் போகக் கூடாது.

தரம் பிரிக்கும் மேஜை

காயலான் கடையிலிருந்து வரும் மூட்டையில் எல்லாம் கலந்துதான் இருக்கும். முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: வார்ப்படம் ஒரு பக்கம், தகடும் எக்ஸ்ட்ரூஷனும் (அச்சுத் துளை வழியே தள்ளிச் செய்த நீளச் சட்டங்கள்) இன்னொரு பக்கம். சந்தேகம் வந்தால் சுத்தியலால் ஒரு போடு போடுங்கள். வார்ப்படம் உடையும், உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சர்க்கரைக் கட்டிபோல மணல்மணலாக இருக்கும். தகடும் எக்ஸ்ட்ரூஷனும் வளையும், உடையாது.

வார்ப்படம் என்றால் சிலிக்கான் இருக்கிறது என்று பொருள். எஞ்சின் கவர், கிராங்க் கேஸ், பழைய பம்ப் உதிரிகள் பெரும்பாலும் சிலிக்கானும் காப்பரும் சேர்ந்த கலவை. ஏடிசி12க்கு இதுதான் அடிப்படை. அலாய் வீலில் 7 சதவீத அளவுக்குச் சிலிக்கானும் மிகக் குறைந்த இரும்பும் இருக்கும். இரும்பு ஏறிய கலவையை நீர்க்க வைக்க இதைவிட நல்ல வார்ப்படம் கிடையாது, ஆகவே தனியாக எடுத்து வையுங்கள். பிஸ்டனில் சிலிக்கானோடு 1 சதவீத அளவுக்கு நிக்கலும் மெக்னீசியமும் இருக்கும். கொஞ்சம் போடலாம், மூட்டையாகப் போடக் கூடாது. டீசல் பிஸ்டன் சிலவற்றில் மேல் ரிங் உட்காரும் இடத்தில் நிக்கல் கலந்த இரும்பு வளையம் பதித்திருப்பார்கள். அதை உடைத்து எடுக்காமல் உலைக்கு அனுப்பாதீர்கள்.

ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம் எல்லாம் 6063 என்ற எண்ணுள்ள கலவையின் எக்ஸ்ட்ரூஷன்: மெக்னீசியம் 0.5 சதவீத அளவு, இரும்பு குறைவு. ஸ்க்ரூ, ரப்பர், கீல் எல்லாவற்றையும் கழற்றினால் நல்ல சரக்கு. வீட்டுப் பாத்திரம், குக்கர் வந்தால் கைப்பிடி, ரிவெட், வெயிட், வால்வு ஆகியவற்றை அகற்றுங்கள். மின்கம்பி மிகச் சுத்தமான அலுமினியம்தான். ஆனால் மின்கோபுரங்களுக்கு இடையே ஓடும் ஏசிஎஸ்ஆர் கம்பியின் நடுவில் இரும்புக் கம்பி ஓடும். வெட்டிய முனையைப் பாருங்கள், காந்தத்தை அந்த முனையில் வையுங்கள். குளிர்பான கேனில் உடலுக்கு ஒரு கலவை, மூடிக்கு ஒரு கலவை. மூடியில் மெக்னீசியம் 4.5 சதவீதம் வரை வரும். கேனை ஏடிசி12க்குள் தள்ளுவது நஷ்டம். கேனாகவே விற்பது நல்லது.

இறக்குமதிச் சரக்கு வாங்குவோர் அதன் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். டென்ஸ் என்றால் கலப்பு வார்ப்படம், டெயின்ட் டேபர் பழைய தகடு, ட்ரோமா அலாய் வீல், டெலிக் லேத்து டர்னிங், அதாவது லேத்தில் கடையும்போது விழும் சுருள் துருவல். பெயர் ஒன்றாக இருந்தாலும் பேலுக்குப் பேல் (அழுத்திக் கட்டிய பொதி) உள்ளே இருப்பது மாறும். ஒவ்வொரு பேலையும் பிரித்துப் பார்த்துத்தான் தீர வேண்டும்.

அலுமினியம்போலவே தோன்றி ஏமாற்றும் இரண்டு உலோகங்கள் உண்டு. ஒன்று ஜிங்க் டை காஸ்டிங். பழைய கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி, பூட்டு உடல் பலவும் ஜிங்க். நிறம் சற்று நீலச் சாம்பல். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இதற்கு 6.6. கையில் எடுத்தால் அதன் அளவுக்குப் பொருந்தாத கனம் இருக்கும். அனுபவப்பட்ட கை தூக்கும்போதே சொல்லிவிடும். இன்னொன்று மெக்னீசியம், அடர்த்தி 1.74. இது எதிர்ப்பக்கம்: எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும். சந்தேகமான துண்டை அரத்தால் ராவிப் புது முகம் வெளிவந்ததும் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியமானால் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மெக்னீசியத்தின் துருவலும் தூளும் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர்ந்த மணலால்தான் மூட வேண்டும்.

காந்தம் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம். வார்ப்படத்துக்குள் பதிந்த ஸ்டீல் புஷ், இறுகிப்போன போல்ட், சிலிண்டருக்குள் இருக்கும் இரும்பு ஸ்லீவ் எல்லாம் அலுமினியத்துக்குள் மறைந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பாதி காந்தத்துக்கு வராது. உடைத்து எடுக்க முடியாத இரும்பு இருந்தால் அந்தத் துண்டுகளை மட்டும் ஒதுக்கிச் சரிவான தள உலையில் குறைந்த சூட்டில் வழிய விடுங்கள். அலுமினியம் 660 டிகிரிக்குள் உருகி ஓடிவிடும், இரும்பு மேலே நிற்கும். நெருப்பைக் கூட்டி அவசரப்படுத்தினால் இரும்பும் கரைய ஆரம்பிக்கும்.

ஒட்டுத் தகடும் மருந்துப் பட்டையும்

கடை முகப்பில் ஒட்டும் ஏசிபி தகட்டில் இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டருக்குள் அலுமினியம், நடுவில் பாலித்தீன் அல்லது கனிமத்தூள் கலந்த பிளாஸ்டிக். மாத்திரைப் பட்டையில் பிவிசி. இவற்றை அப்படியே உலையில் போட்டால் பிளாஸ்டிக் எரிந்து மெல்லிய அலுமினியமும் கூடவே எரிந்துவிடும். கிடைப்பது பாதி டிராஸ் (உருகிய உலோகத்தின் மேல் திரளும் ஆக்சைடுக் கசடு), பாதி புகை. பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வெளிவரும், டயாக்சின் என்ற நச்சும் உருவாகும். அந்தப் புகை பட்டறையோடு நிற்பதில்லை, அடுத்த தெருக் குழந்தைகள் மூச்சில் போகும். இத்தகைய ஒட்டுப் பொருள்களைப் பிரித்தெடுக்கத் தனி இயந்திரம் வைத்திருப்போரிடம் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட வயரையும் உறை உரித்த பிறகே வாங்குங்கள்.

டர்னிங், எண்ணெய், ஈரம்

லேத்து டர்னிங் மலிவாகக் கிடைக்கும். கூலன்ட், எண்ணெய், இரும்புத் துருவல், தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. முதலில் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எண்ணெய் பிரியுங்கள், பிறகு 300 முதல் 350 டிகிரியில் உலர்த்துங்கள், அதன் பிறகே காந்தக் கன்வேயரில் விடுங்கள். ஈரமான டர்னிங்கில் காந்தம் சரியாக எடுக்காது. இரும்புத் துருவல் எண்ணெயில் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும்.

புதிய இடத்திலிருந்து வாங்கும் முன் 50 கிலோ எடுத்துச் சோதனை உருக்கு செய்து பாருங்கள். வெளியே வந்த உலோகத்தின் எடையைப் போட்ட எடையால் வகுத்தால் அந்தச் சரக்கின் உண்மை விலை தெரியும். 50 கிலோவில் 39 கிலோதான் வந்தால் நீங்கள் பேசிய விலையில் 22 சதவீதம் எண்ணெய்க்கும் சாம்பலுக்கும் போகிறது.

ஈரம் பற்றி ஒரே வார்த்தை: உருகிய அலுமினியத்துக்குக் கீழே தண்ணீர் போகக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,700 லிட்டர் ஆகும். போதாததற்கு அலுமினியம் நீரை உடைத்து ஹைட்ரஜனையும் வெளியேற்றும். மழையில் நனைந்த வார்ப்படத்தின் போல்ட் துளைக்குள், மூடிய ஸ்ப்ரே கேனுக்குள், குழாய்ச் சட்டத்தின் வளைவுக்குள் ஒரு தேக்கரண்டி தண்ணீர் இருந்தாலே உலை வாயில் நிற்பவர் மேல் உலோகம் தெறிக்கும். மூடிய எதையும் வெட்டாமல் போடாதீர்கள். எல்லாச் சரக்கையும் உலை விளிம்பில் வைத்துச் சூடேற்றியே உள்ளே தள்ளுங்கள். கரண்டி, கசடு வாரி, சோதனை அச்சு எல்லாமும் அப்படியே. துருப்பிடித்த அச்சும் ஆபத்து: துருவோடு உருகிய அலுமினியம் வினைபுரிந்தால் பெரும் சூடு கிளம்பும்.

கணக்கு

உலை மூட்டும் முன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். காலி உலையில் தொடங்குவதாக ஓர் உதாரணம்.

எஞ்சின் வார்ப்படம் 300 கிலோ. சராசரியாக சிலிக்கான் 8.5, காப்பர் 2.8, இரும்பு 0.95, ஜிங்க் 1.0, மெக்னீசியம் 0.2 சதவீதம். எக்ஸ்ட்ரூஷன் 100 கிலோ: சிலிக்கான் 0.4, இரும்பு 0.25, மெக்னீசியம் 0.5. அலாய் வீல் 70 கிலோ: சிலிக்கான் 7, இரும்பு 0.2, மெக்னீசியம் 0.35. மொத்தம் 470 கிலோ.

இதில் உள்ள சிலிக்கான் 25.5, 0.4, 4.9 கூட்டினால் 30.8 கிலோ. இலக்கு 10.5 சதவீதம் என்றால் இன்னும் 20.7 கிலோ கரைய வேண்டும். கொஞ்சம் டிராஸோடு போகும். 95 சதவீதம் கரையும் என்று வைத்து 22 கிலோ சிலிக்கான் கட்டி எடுங்கள். கடைசியில் ஏறத்தாழ 491 கிலோ உலோகம் இருக்கும். சிலிக்கான் கட்டியோடு வரும் 0.11 கிலோவையும் சேர்த்தால் இரும்பு மொத்தம் 3.35 கிலோ, அதாவது 0.68 சதவீதம். காப்பர் 1.7, ஜிங்க் 0.6, மெக்னீசியம் 0.27. எல்லாம் வரம்புக்குள்.

இப்போது மேஜையில் ஒரு தவறு நடந்ததாக வையுங்கள். 2 கிலோ எடையுள்ள ஒரு சிலிண்டர் ஸ்லீவ் தப்பிப் போய் முழுக்கக் கரைந்தால் இரும்பு 0.68லிருந்து 1.09 ஆகிவிடும். ஜிங்க் கார்புரேட்டர்கள் மூன்று கிலோ தப்பினால் ஜிங்க் 1.18 ஆகி வரம்பைத் தாண்டும்; முழு உலையும் திரும்பி வரும். எக்ஸ்ட்ரூஷனுக்குப் பதில் அதே 100 கிலோ கேன் போட்டிருந்தால் மெக்னீசியம் 0.4 சதவீதத்தைத் தொட்டிருக்கும்.

இரும்பு ஏறிவிட்டால் என்ன ஆகும்? 500 கிலோவில் இரும்பு 1.5 என்று லேப் சொன்னால், அதை 1.2க்குக் கொண்டுவர 0.25 சதவீத இரும்புள்ள எக்ஸ்ட்ரூஷன் 158 கிலோ வேண்டும். அதற்கேற்பச் சிலிக்கானும் காப்பரும் கூட்ட வேண்டும். 500 கிலோ உலையில் இதற்கு இடமே இல்லை. பாதியை இங்காட்டாக வார்த்து வெளியே எடுத்து இரண்டு தடவையாகச் செய்ய வேண்டியிருக்கும். மேஜையில் இன்னொரு ஆளுக்குக் கொடுக்கும் கூலி இதைவிட எவ்வளவோ குறைவு.

இரும்பைக் கண்டு இவ்வளவு பயப்பட்டாலும் அது சுத்தமாக இல்லாமலும் போகக் கூடாது. மிகக் குறைந்தால் வார்க்கும்போது உலோகம் டையில் ஒட்டிக்கொள்ளும். 0.7 முதல் 1.0 வரை வைத்துக்கொண்டால் டை காஸ்டிங் செய்பவருக்கும் நிம்மதி. கூடவே இரும்பு, இரண்டு மடங்கு மாங்கனீஸ், மூன்று மடங்கு குரோமியம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் 1.8ஐத் தாண்டினால் அவர் உருகிய உலோகத்தைச் சூடாக வைத்திருக்கும் ஹோல்டிங் உலையில் 650 டிகிரி பக்கம் கடினமான கசடு அடியில் படியும். அது வார்ப்படத்துக்குள் போனால் மெஷினிங்கில் டூல் முனை உடையும்.

உருக்குதல்

காலி குரூசிபிளில் எண்ணெய்ப் பிசுபிசுப்பான டர்னிங்கைக் கொட்டித் தீ மூட்டுவது, காசைக் கொளுத்துவதற்குச் சமம். முந்தைய உருக்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு திரவத்தை அடியில் விட்டுவையுங்கள். கனமான வார்ப்படத்தை முதலில் உருக்கிக் குளம் பெரிதான பிறகு, மெல்லிய சரக்கைக் குளத்துக்குள் அமுக்கி உருக்குங்கள். திரவத்துக்குக் கீழே உருகினால் காற்றுப் படாது. பெரிய துண்டை குரூசிபிளுக்குள் இறுக்கிச் செருகாதீர்கள். சூட்டில் விரிந்து குரூசிபிளையே பிளக்கும்.

வெப்பநிலையைக் கண்ணால் மதிப்பிட முடியாது. பகல் வெளிச்சத்தில் 700 டிகிரி அலுமினியம் வெள்ளித் தட்டுபோல அமைதியாகக் கிடக்கும், சிவக்காது. கே வகை தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் கம்பிக் கருவி) பாதுகாப்புக் குழாயோடு நடு ஆழத்தில் வைத்து அளக்கவும். உருக்கும்போது 720 முதல் 740 போதும். சிலிக்கான் கரைக்க மட்டும் 760 வரை போகலாம். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரியும் டிராஸையும் ஹைட்ரஜனையும் கூட்டும், கரண்டியிலிருந்து இரும்பையும் கரைக்கும். இரும்புக் கருவிகளுக்கு வாஷ் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசி, உலர்த்தி, சூடேற்றியே பயன்படுத்துங்கள். பூச்சு உரிந்த கரண்டி மாதக் கணக்கில் உலையில் கரைந்து மெலிந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த எடை எல்லாம் இங்காட்டுக்குள்தான் இருக்கிறது.

சிலிக்கான் 10 முதல் 50 மில்லிமீட்டர் கட்டியாக இருக்க வேண்டும். தூள் மேலே மிதந்து டிராஸோடு போய்விடும். சிலிக்கானின் உருகுநிலை 1,414 டிகிரி, ஆகவே அது உருகுவதில்லை, சர்க்கரைபோலக் கரைகிறது; அவசரப்படாமல் அரை மணி நேரம் கொடுத்து அடியிலிருந்து கிளறுங்கள். காப்பர் குறைந்தால் சுத்தமான காப்பர் கம்பித் துண்டு போடலாம், எளிதாகக் கரையும். பித்தளை போட்டால் ஜிங்க் ஏறும்.

ஃபிளக்ஸ், டிராஸ்

சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் சம அளவில் கலந்து, கொஞ்சம் கிரையோலைட் என்ற ஃபுளோரைடு உப்பு சேர்த்த கவர் ஃபிளக்ஸ்தான் (டிராஸைப் பிரிக்க உலோகத்தின் மேல் போடும் உப்புக் கலவை) பொதுவாகப் பயன்படுவது. சுத்தமான வார்ப்படத்துக்கு உலோக எடையில் 0.3 முதல் 0.5 சதவீதம், அதாவது 500 கிலோவுக்கு 2 கிலோ அளவு. டர்னிங்குக்குக் கூடுதலாகத் தேவைப்படும். ஃபிளக்ஸும் உலர்ந்ததாக இருக்க வேண்டும். திறந்து வைத்த மூட்டை மழைக்காலத்தில் காற்றிலிருந்தே ஈரம் இழுத்துவிடும்.

ஃபிளக்ஸைத் தூவி விட்டுப் போகாதீர்கள். டிராஸோடு சேர்த்துத் தேய்த்துக் கிளற வேண்டும். முதலில் டிராஸ் ஈரமாவுபோலத் திரண்டு பளபளவென இருக்கும். அந்தப் பளபளப்பு உள்ளே மாட்டிய நல்ல உலோகம். ஃபிளக்ஸ் வேலை செய்ய ஆரம்பித்ததும் உலோகம் சொட்டுச் சொட்டாகக் குளத்துக்குத் திரும்பும், மேலே நிற்பது உலர்ந்த சாம்பல் பொடியாக மாறும். அப்போது அதை வாரி எடுங்கள். துளை போட்ட வாரியை உலை விளிம்பில் சாய்த்துச் சில வினாடி வடியவிட்டு எடுங்கள். வெளியே கொட்டிய டிராஸ் வெண்மையாகத் தகதகத்தால் உள்ளே அலுமினியம் எரிந்துகொண்டிருக்கிறது. உடனே கிளறிப் பரப்பி ஆறவிடுங்கள்.

சாம்பிள், வாயு நீக்கம்

சாம்பிளை மேலிருந்து மொண்டு எடுப்பது பொதுவான தவறு. சிலிக்கான் முழுதும் கரையாமல் கிடக்கும்போதே எடுத்தால் லேப் குறைவாகச் சொல்லும். நீங்கள் இன்னும் போடுவீர்கள். கடைசி இங்காட்டில் 13 சதவீதம் வரும். நன்றாகக் கிளறி, நடு ஆழத்திலிருந்து சூடான கரண்டியால் எடுத்து, சூடான பட்டன் அச்சில் ஊற்றுங்கள். முகத்தில் ஒரு மில்லிமீட்டர் மெஷின் செய்து கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மூன்று இடத்தில் தீப்பொறி விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் உலையில் கலவை இன்னும் சேரவில்லை.

திரவ அலுமினியம் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜனில், உறையும் நொடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் திடத்தில் தங்கும். மிச்சம் குமிழாக மாட்டிக்கொள்ளும். அதை உறையும் முன்பே வெளியேற்ற 710 முதல் 720 டிகிரியில் உலர்ந்த நைட்ரஜனை விடுங்கள். கிராஃபைட் ரோட்டர் இருந்தால் 500 கிலோவுக்கு 10 முதல் 15 நிமிடம். குமிழ் பொடிப்பொடியாக வர வேண்டும், மேற்பரப்பு லேசாக அசைய வேண்டும். கொதிப்பதுபோலப் புரண்டால் காற்றை உள்ளே இழுக்கிறீர்கள். ஹெக்சாகுளோரோஈத்தேன் மாத்திரை மலிவுதான், ஆனால் அது கிளப்பும் குளோரின் புகை உலை முன் நிற்பவர் நுரையீரலைக் கெடுக்கும். அதை விட்டுவிடுங்கள். சோதிக்க, குறைந்த அழுத்தத்தில் ஒரு சிறு சாம்பிளை உறையவிடுங்கள். மேல்முகம் உப்பினால் வாயு இருக்கிறது, குழிந்தால் சரி. வாயு நீக்கிய பிறகு மறுபடி கிளறவோ சூடேற்றவோ வேண்டாம்.

வார்ப்பு

இங்காட் அச்சுகளை 150 முதல் 200 டிகிரிக்குச் சூடாக்கிப் பூச்சு அடியுங்கள். 690 டிகிரி அளவில், கரண்டி வாயை அச்சுக்கு மிக அருகில் வைத்து ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் ஆக்சைடு தோல் மடிந்து உள்ளே போகும். ஊற்றியதும் மேல் ஆடையை ஒரு தகட்டால் வழித்துவிடுங்கள். 5 முதல் 7 கிலோ இங்காட் கையாளச் சுலபம். ஒவ்வொன்றிலும் ஹீட் எண்ணை, அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் எண்ணை, பதியுங்கள். முதல், நடு, கடைசி இங்காட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தால் பிறகு வரும் தகராறுக்கு அதுவே சாட்சி. உடைத்துப் பார்த்தால் முகம் ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். கருத்த கோடு தெரிந்தால் ஆக்சைடு, ஊசி ஊசியாக மினுங்கினால் இரும்பு, கடுகளவு வட்ட ஓட்டைகள் இருந்தால் ஹைட்ரஜன்.

மிஞ்சிய டிராஸில் அலுமினியம் நைட்ரைடும் கார்பைடும் இருக்கும். தண்ணீர் பட்டால் அம்மோனியா நெடி அடிக்கும், தீப்பிடிக்கும் வாயுவும் கிளம்பும். ஆகவே திறந்த வெளியில் குவிக்காதீர்கள், மழைநீர் வடிகாலுக்கு அருகே கொட்டாதீர்கள், பள்ளம் நிரப்பக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள உப்பு கிணற்றுக்குப் போய்ச் சேரும். ஆறியதும் கூரைக்குக் கீழே, தரையிலிருந்து உயர்த்திய சிமெண்ட் மேடையில், காற்றோட்டமுள்ள இடத்தில் மூடிய டிரம்மில் வையுங்கள். ஒவ்வொரு டிரம் எடையையும் தேதியோடு எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் மட்டும் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.